எதிர்பாராத செலவு

"அவசர உதவி நிதி, எதிர்பாராத செலவுக்கு மட்டும்தாம்மா," என்று கறாராகச் சொன்னார் பல்கலைக்கழக நிதி அதிகாரி.

"தெரியும் சார்," என்றாள் ஆராய்ச்சி மாணவி, மடியில் தூங்கிய குழந்தையைத் தட்டிக்கொடுத்தபடி.

"பிரசவம் எப்படிம்மா எதிர்பாராத செலவாகும்? மாசக்கணக்கா தெரிஞ்ச விஷயம்தானே?"

"ஆமா சார். இவளுக்குத் தொட்டில், துணிமணி எல்லாம் முன்னாடியே வாங்கியாச்சு. இவளுக்காக நான் ஒரு காசு கேக்கல."

"அப்புறம் யாருக்காம்?"

அவள் கதவுப் பக்கம் திரும்பி, "என்னங்க, வாங்க!" என்றாள். கணவன் இன்னொரு குழந்தையோடு உள்ளே வந்தான்.

"இந்தத் தம்பிக்கு சார். ஒரு ஸ்கேன்லயும் மாட்டாம அக்கா முதுகுக்குப் பின்னாடியே ஒளிஞ்சிருந்துட்டான்."

அதிகாரி சிரித்துவிட்டார். பேனாவைத் திறந்து கையெழுத்துப் போடப் போனவர், சட்டென்று நிறுத்திக் கதவை எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, வெளியில வேற யாரும் இல்லையே?"