மூடியின் மேல் உட்கார்ந்தவர்

“யோவ், எழுந்திருய்யா! செப்டிக் டேங்க் மூடி மேல உக்காந்து என்ன முட்டையா அடைகாக்குற?”

தெசாங்கா போட்ட சத்தத்தில் கொல்லையில் மேய்ந்த வாத்துகள் சிதறி ஓடின. அவள் கணவர் ராதிசாவ் அசையவில்லை. கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு அந்தக் கான்கிரீட் மூடியின் மேலேயே இருந்தார்.

டேங்கர் லாரிக்கார மிலோயே தடித்த குழாயைத் தோளில் சுமந்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

“அண்ணே, நான் இன்னும் மூணு வீட்டுக்குப் போகணும்.”

“போய்ட்டு வா தம்பி. எங்களுதைப் பனிக்காலம் முடிஞ்சு பாத்துக்கலாம்.”

“பனிக்காலம் முடிஞ்சா?” தெசாங்கா வெடித்தாள். “வியாழக்கிழமை நம்ம குடும்பப் புனிதர் திருநாள். யாரையும் கூப்பிட வேணாம், தானா முப்பது பேர் வந்து நிப்பாங்க. இங்க கக்கூஸ்ல ஊத்தின தண்ணி உள்ள போகாம எட்டிப் பாக்குது!”

ராதிசாவ் எதை மறைக்கிறார் என்பது அவளுக்குத் தெரியும். ஏப்ரலில் மாரடைப்பு வந்து அவருக்கு இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். இனி ஒரு மடக்கு குடித்தாலும் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து தொடவே இல்லை என்று சாதிக்கிறார் மனுஷன். ஆனால் நிலவறையில் அவரே பிளம் பழத்தில் காய்ச்சி ஒரு பீப்பாயில் நிரப்பிய நூறு லிட்டர் ராக்கியா சாராயம் இருந்தது. போன வாரம் அந்தப் பீப்பாயைத் தட்டிப் பார்த்தாள். ‘டொம்’ என்றது. ஒரு சொட்டு இல்லை! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார். அவளோ, அவர் தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

“இப்பவாவது சொல்லு. இந்த மூடிக்கு அடியிலதானே பாட்டில ஒளிச்சு வச்சிருக்க?”

“பாட்டிலும் இல்ல, ஒண்ணும் இல்ல.”

“அப்ப அந்த நூறு லிட்டர் எங்க போச்சு? விருந்தாளிக்கு ஊத்தக்கூட நான் கடையில வாங்கணும்!”

ராதிசாவ் தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

“சரி. திருநாள் முடிஞ்சதும் நான் மக வீட்டுக்குப் போறேன். பெட்டி கட்டியாச்சு. நீ குடிச்சுச் சாகுறத பக்கத்துல உக்காந்து பாக்க என்னால முடியாது.” தெசாங்காவின் குரல் உடைந்தது.

அதைக் கேட்டதும் ராதிசாவ் மெல்ல எழுந்து ஒதுங்கினார்.

மிலோயே கடப்பாரையால் மூடியை நெம்பித் தள்ளினான். அடியில் பாட்டில் எதுவும் இல்லை. நீளக் கம்பை உள்ளே விட்டுக் கிளறினான். அவன் நெற்றி சுருங்கியது.

“அக்கா, மேல ஏடு கட்டல, ஒரு குமிழிகூட வரல. கழிவைத் தின்னு கரைக்கிற கிருமி மொத்தமும் செத்துப்போச்சு. அதான் அடைச்சுக்கிச்சு. ப்ளீச் ஊத்துனீங்களா?”

“நீ வேணாம்னு சொன்னதுலேருந்து கையால தொடல. எங்கம்மா மேல சத்தியம்!”

மிலோயே கம்பின் நுனியை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தான். நமக்குக் குமட்டும்; அவனுக்கு அது தொழில். நம்பாமல் இன்னொரு தடவை முகர்ந்தான். பிறகு ராதிசாவைப் பார்த்து, சாவு வீட்டில் பேசுவதுபோல் குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

“அண்ணே... ராக்கியாவையா? பீப்பா முழுசையுமா?”

ராதிசாவ் தலையைக் குனிந்துகொண்டார். “வீட்ல இருந்தா கை தானா நீளுதுடா. யாருக்காவது குடுத்தா ஏன்னு கேப்பாங்க. அதான் தினம் ஒரு குடமா கக்கூஸ்ல...”

தெசாங்காவுக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. அத்தனை நாற்றத்துக்கு நடுவிலும் ஓடிப்போய்ப் புருஷனைக் கட்டிக்கொண்டாள்.

அவள் தோளுக்கு மேலாக ராதிசாவ் மிலோயேவைப் பார்த்துக் கெஞ்சினார்: “தம்பி, ஊர்ல யாராவது கேட்டா நானே குடிச்சுத் தீத்துட்டேன்னு சொல்லுடா. கொட்டிட்டேன்னு தெரிஞ்சா ஒருத்தனும் என்னை மதிக்க மாட்டான்!”