அட்டைப்பெட்டித் தெரு

மழலையர் வகுப்பில் அன்று 'எந்த மதமானாலும் நம்ம தெரு' என்று பாடம். ஆசிரியை அட்டைப்பெட்டிகளை வீடுகளாக அடுக்கி, பிள்ளைகளைக் குடிவைத்தாள்.

"இப்ப ஒருத்தர் வாடகைக்கு வீடு கேட்டு வர்றாராம். சந்தோஷமா வரவேற்கணும், சரியா?"

ஒரு பையன் வந்து பெட்டியைத் தட்டினான். வீட்டுக்காரம்மாவாக நின்ற குட்டிப்பெண் இடுப்பில் கைவைத்துக் கேட்டாள்.

"நீங்க எந்தச் சாமி கும்பிடுவீங்க?"

அவன் சொன்னான்.

அவள் முகமெல்லாம் சிரிப்பு. "அடடா! இப்பதான் வேற ஒருத்தருக்குப் பேசி முடிச்சோம். மனசுல வச்சுக்காதீங்க!"

ஆசிரியைக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இப்படிப் பொய் சொல்லி அனுப்பலாமா? சின்ன வாயில இதெல்லாம் எங்கேருந்து வருது? வீட்ல பேசுறாங்களா? நாளைக்கு உங்கப்பாவை என்னை வந்து பாக்கச் சொல்லு!"

"அப்பாதான் நேத்தே வந்தாரே டீச்சர், உங்க வீட்டுக்கு! மாடி போர்ஷன் கேட்டு. நான் வெளியே ஸ்கூட்டர்ல உக்காந்திருந்தேன்."

ஆசிரியை தன் வீட்டு வாசலில் தொங்கும் 'வாடகைக்கு விடப்படும்' பலகையை அன்று காலையில்கூடத் துடைத்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

குட்டிப்பெண் ஆவலாக நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்கள மாதிரியே சிரிச்சுக்கிட்டே சொன்னேனா, டீச்சர்?"