நாலாவது அலாரம்

“கேஸ் டிடெக்டர் லைன்ல உன் தலைக்கு மேலதான் இருக்கு. ரெண்டு மாசத்துல நாலு தடவை கத்திச்சு. நாலு தடவையும் எங்கேயும் கசிவு இல்ல. அப்போ இன்னாம்மா அர்த்தம்?”

பாதுகாப்பு அதிகாரி புருஷோத்தமன் கேட்டுவிட்டுப் பேனா மூடியைக் கழற்றினார். எதிரே சந்தனமாரி நீலச் சட்டையின் நுனியைத் திருகிக்கொண்டு நின்றாள். லைனில் கசிவு சோதிக்கிற பெண். வேலைக்கு வந்து எட்டு மாதம்.

“எனக்குத் தெரியாது சார்.”

“உக்காரு.”

“இல்ல சார், நிக்கேன்.”

ஒரகடத்தில் இருந்த அந்தத் தொழிற்சாலையில் மால்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் போகிற பெரிய ஏ.சி.க்கள் தயாராகின்றன. இந்த வருஷம்தான் குளிரூட்டப் புது கேஸுக்கு மாறியிருந்தார்கள். பூமியைச் சூடாக்குவதில் பழையதைவிட இது ரொம்பச் சாது. ஒரே ஒரு கெட்ட குணம், நெருப்பைக் கண்டால் பற்றிக்கொள்ளும். பழைய கேஸ் கசிந்தால் வானத்துக்குக் கேடு. புதியது கசிந்தால் பக்கத்தில் நிற்கிற ஆளுக்கே கேடு. அதனால் லைன் நெடுக டிடெக்டர்கள். ஒன்று கத்தினாலும் லைன் நிற்கும். எல்லோரும் வெளியே ஓடி மைதானத்தில் வரிசையாக நிற்க, புருஷோத்தமன் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகப் படித்து ஆள் சரிபார்ப்பார்.

“இந்த டிடெக்டருக்கு மூக்கு ஜாஸ்தி. கையில தேய்க்கிற சானிடைசரைக் கிட்டக்க அடிச்சாலே கேஸுன்னு நெனச்சுக் கத்தும். தெரியுமா, தெரியாதா?”

“டிரெயினிங்ல நீங்கதான சார் சொன்னீக. எல்லாருக்கும் தெரியும்.”

“நேத்து அலாரம் அடிக்கறதுக்கு முன்னாடி உன் பக்கம் யார்னா வந்தாங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லு.”

“நான் குனிஞ்சு பைப் ஜாயிண்டைப் பாத்துக்கிட்டு இருந்தேன். நிமிந்தா டார்கெட் போயிரும். யாரு வந்தா, யாரு போனான்னு எனக்கு எப்படி சார் தெரியும்?”

புருஷோத்தமன் மூச்சை மெல்ல விட்டார். மேஜை மேலிருந்த போன் அடித்தது. மேனேஜர் பலராமன்.

“இன்னா சார், ஒத்துக்கினாளா? ஒவ்வொரு தடவையும் இருபது நிமிஷம் லைன் நிக்குது. ஹெட் ஆபீஸ்ல என்னைக் காய்ச்சறாங்க. அஞ்சு மணிக்குள்ள எனக்கு ஒரு பேரு வேணும். காண்ட்ராக்ட் பொண்ணுதானே, கேட்ல கார்டை வாங்கிக்கினு பஸ் ஏத்தி வுடுங்க.”

“கேட்டுக்கினு இருக்கேன் சார்.”

பலராமனின் குரல் போனைத் தாண்டி அறை முழுக்கக் கேட்டிருந்தது. சந்தனமாரி மேஜைப் பக்கம் ஓர் அடி வந்தாள்.

“ஊருக்கு அனுப்பிராதீக சார். போனா மறுபடியும் தீப்பெட்டி ஆபீஸ்தான். எங்க தெருவுல கோவில்பட்டியத் தாண்டி வேலைக்கு வந்தவ நான் ஒருத்திதான்.”

“அப்போ உண்மையைச் சொல்லு.”

“சொன்னா என்னையத்தான் சந்தேகப்படுவீக.”

“பரவால்ல, சொல்லு.”

“அலாரம் அடிச்சா எனக்குப் பிடிக்கும் சார்.”

பேனா நின்றது.

“வடக்குப்பட்டுல ஒரு ரூம்ல ஆறு பேரு இருக்கோம். மூணு ஷிப்டு. நான் ரூமுக்குப் போறப்ப பாதிப் பேரு தூங்கிக்கிட்டு இருப்பாங்க, பாதிப் பேரு கிளம்பியிருப்பாங்க. வாயைத் திறந்தா ‘மெதுவாப் பேசுடி’ம்பாங்க. இங்க வந்தா, விரலை வச்சதும் கேட் திறக்குது. லைன்ல நான் ஸ்டேஷன் ஏழு. சூப்பர்வைசருக்கு என் பேரே தெரியாது. அலாரம் அடிச்சாத்தான் நீங்க வெயில்ல நின்னு ‘சந்தனமாரி’ன்னு முழுசாப் படிப்பீக. எங்க லைன் வேல்விழி ஒரு நாள் விளையாட்டுக்குப் பள்ளிக்கூடம் மாதிரி ‘உள்ளேன் ஐயா’ன்னா. அன்னையில இருந்து எல்லாரும் அப்படித்தான் சொல்லுதோம். நீங்களும் ஏசல.”

அவள் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“ஆனா நான் பண்ணல சார். வல்லக்கோட்டை முருகன் மேல சத்தியமா.”

புருஷோத்தமன் ஒரு வெள்ளைத் தாளை அவள் பக்கம் தள்ளினார்.

“சொன்னதை எழுதிக் குடு. பிடிக்கும்னியே, அதையும் எழுது.”

எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். அவர் இரண்டு தடவை படித்தார். அலாரம் அடித்தால் பிடிக்கும் என்ற அந்த ஒரு வரி போதும். பலராமன் வேறெதையும் கேட்கப்போவதில்லை.

“நாளைக்கு டியூட்டிக்கு வரட்டா சார்?”

“வெளியில உக்காரு. சொல்றேன்.”

கதவு சாத்திக்கொண்டது. கண்ணாடி வழியாக அவள் பெஞ்சின் ஓரத்தில், யாருக்கோ இடம் விடுகிறவள்போல ஒடுங்கி உட்காருவது தெரிந்தது. அவளைத் தாண்டிப் போனவர்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. புருஷோத்தமன் தாளை நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டார். போனை எடுத்துப் பலராமனைக் கூப்பிட்டார்.

“பேரு கிடைச்சிடுச்சு சார்.”

“சொல்லுங்க, எழுதிக்கிறேன்.”

“புருஷோத்தமன்.”

“உங்க பேரு தெரியும் சார். பண்ணது யாரு?”

“அதான் சொல்றேன். ரவுண்ட்ஸ் போறப்ப நாலு தடவையும் சானிடைசரை அடிச்சது நான்தான்,” என்ற புருஷோத்தமன் தொண்டையைச் செருமிக்கொண்டார். “குன்றத்தூர்ல வூட்டைத் திறந்து ‘வந்துட்டேன்’னு சொன்னா, ஏன்னு கேக்க ஆள் இல்ல சார். இங்க பேரைப் படிச்சா, எண்பத்தாறு பேரு பதில் சொல்றாங்க.”