என் கதையைத் திருடியவன்

"என் கதையைத் திருடினவன் மட்டும் கையில கிடைச்சா, கழுத்தை நெரிச்சுடுவேன் வக்கீலம்மா."

சகிதாத் டைல்ஸ் வேலையிலிருந்து நேரே வந்திருந்தார். முழங்காலெல்லாம் வெள்ளை சிமென்ட். மெல்பர்னின் புறநகரான டாண்டினாங்கில் ஒரு ரொட்டிக்கடைக்கு மேலே இருந்த அந்த அலுவலகத்தில் நாலு எட்டு வைத்தால் சுவர் இடிக்கும். அதற்குள்ளேயே குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

மசூமா தேநீரை அவர் பக்கம் தள்ளினாள். அவளும் அவரைப் போல ஆப்கானிஸ்தானின் ஹசாரா இனத்தவள்தான், கைக்குழந்தையாக ஆஸ்திரேலியா வந்து இங்கேயே வக்கீலுக்குப் படித்தவள்.

"கோபத்தை அப்புறம் வச்சுக்கங்க. திங்கட்கிழமை வழக்கு. தோத்தா உங்களை ஊருக்கு விமானம் ஏத்திடுவாங்க."

"ஏத்தட்டும். அங்கே சுடுறவன்கூட என்னைப் பொய்யன்னு சொன்னதில்லை."

பொய்யன் என்று எழுதியது அவருடைய அகதி மனுவை விசாரித்த தீர்ப்பாயம். கஜினி சாலையில் லாரியை மறித்து, ஹசாராக்களை இறக்கிச் சுட்டார்கள் என்று இவர் சொன்னதை, மூன்று வருடம் முன்பே பெர்த்தில் இன்னொருவன் சொல்லிவிட்டானாம். அதே லாரி, அதே பாலம், அதே ஒன்பது பேர். ஆகவே இவர் மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறாராம். நாலே வரியில் ஒரு மனிதனின் உயிரைத் தள்ளுபடி செய்துவிட்டு, அந்த அதிகாரி நிம்மதியாகச் சாப்பிடப் போயிருப்பார்.

"அவனுக்கு விசா கொடுத்துட்டாங்களா?"

"கொடுத்துட்டாங்க."

"நல்லா இருக்கு நியாயம். திருடனுக்கு விசா, பறிகொடுத்தவனுக்கு விமான டிக்கெட். நான் நீதிபதிகிட்டயே கேக்குறேன். எட்டுப் பேர் செத்தாச்சு. நான் ஒருத்தன்தான் ஆப்பிள் தோட்டத்துக்குள்ள ஓடித் தப்பிச்சேன். இந்தப் பய எந்த சீட்ல உக்காந்திருந்தானாம்?"

"நீதிபதி அதுக்குள்ள போக மாட்டார். நீங்க சொன்னது நிஜமா பொய்யான்னு பார்க்கிறது அவர் வேலை இல்லை. அதிகாரி முறைப்படி விசாரிச்சாரான்னு மட்டும்தான் பார்ப்பார்."

"என் உயிர் முறைப்படி போகுதான்னு பார்க்க ஒரு நீதிபதியா?"

"அந்த முறையிலதான் நாம ஜெயிக்கணும். அவன் வாக்குமூலத்தை உங்ககிட்ட காட்டாமலே உங்களைப் பொய்யர்னு எழுதினது தப்பு. இன்னிக்குக் காலையிலதான் அனுப்பி வச்சாங்க, அதுவும் பேரை அழிச்சுட்டு. வாசிக்கிறேன். எதெல்லாம் உங்களோடதுன்னு சொல்லுங்க."

மசூமா வாசித்தாள். பாலத்தருகே லாரி நின்றது. "என்னுது" என்று உறுமினார் சகிதாத். ஓட்டுநரை முதலில் இறக்கினார்கள். "என்னுது." பனி கொட்டிக்கொண்டிருந்தது. "அதுவும் என்னுது. திருட்டு ராஸ்கல்."

அவள் பக்கத்தைத் திருப்பினாள்.

"'என் காலில் செருப்பு இல்லை. அண்ணன் தன் பூட்ஸைக் கழற்றி எனக்கு மாட்டிவிட்டார். சுட ஆரம்பித்ததும் வெறுங்காலோடு தோட்டத்துக்குள் ஓடினார். எனக்குத் தோளில் குண்டு. என் மேல் இரண்டு பிணங்கள் விழுந்து கிடந்ததால், நானும் செத்துவிட்டேன் என்று விட்டுவிட்டுப் போனார்கள்.' இதுவும் உங்களோடதா?"

மசூமா நிமிர்ந்து பார்த்தாள். அவர் தாடி நனைந்திருந்தது.

"பூட்ஸ் விஷயத்தை நான் எந்த அதிகாரிகிட்டயும் சொல்லலை. கூடப் பிறந்தவனை விட்டுட்டு ஓடிவந்தேன்னு எப்படிச் சொல்றது? செத்துட்டான்னு நினைச்சு பதினோரு வருஷமா என் தம்பிக்கு பாத்திஹா ஓதிக்கிட்டிருக்கேன் வக்கீலம்மா."