பூங்காவின் பின்பக்க விளக்கு

மூக்கையாவின் வலது கையில் துணிக்கட்டு. கட்டையும் மீறி ரத்தம் கசிந்திருந்தது. காலடியில் பல்புக் கண்ணாடி நொறுங்கிக் கிடக்க, இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்பதுபோல் கவுன்சிலர் ஏஞ்சலின் போலீஸ்காரரைப் பார்த்தார்.

பூட்டுப் பட்டறையில் அரம் கிழித்த காயம் என்று அவன் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. பொழுது சாய்ந்தால் அந்தப் பூங்காவில் மெழுகுவத்தி வைத்துச் சீட்டாடுகிற கூட்டத்துக்கு அவன்தான் தலை. வெளிச்சம் வந்தால் யாருக்கு இடைஞ்சல்? அவனுக்குத்தானே.

பெண்களுக்கென்று வார்டு ஒதுக்கி நடந்த முதல் தேர்தலில் ஜெயித்து வந்தவர் ஏஞ்சலின். அதற்கு முன்னால் பள்ளிக்கூட டீச்சர். பூங்காவுக்கும் ஜனங்களின் பாதுகாப்புக்கும் நகராட்சி என்ன செலவழிக்கிறது என்று பார்க்கிற குழுவில் அவரையும் சேர்த்திருந்தார்கள். அத்தனை வேட்டிகளுக்கு நடுவே ஒரே ஒரு சேலை.

குழுவில் அவர் முதன்முதலாகக் கேட்டது இந்தப் பூங்காவுக்கு விளக்கு. இருட்டியதும் பக்கத்துத் தெருப் பெண்கள் அந்தப் பக்கம் போனால் நாலைந்து பேராகச் சேர்ந்துதான் போவார்கள், ஒருத்திகூடத் தனியாகப் போகமாட்டாள். அதைப் பார்த்துப் பார்த்து மனசு தாங்காமல்தான் கேட்டார். குழுத் தலைவர் அருளப்பன், டீச்சருக்கு இன்னும் பிரம்பு கையை விட்டுப் போகவில்லை என்று கிண்டலடித்தார். ஏஞ்சலின் விடவில்லை. வாசலில் ஒரு விளக்கும், பின்னால் கருவேலம் புதர்ப் பக்கம் ஒரு விளக்கும் வாங்கிக்கொண்டுதான் உட்கார்ந்தார்.

ஒரு வாரம் எரிந்திருக்கும். பின்பக்க பல்பை யாரோ கல்லெறிந்து உடைத்தார்கள். மாற்றினார்கள், மறுபடி உடைந்தது. வாசல் விளக்கில் ஒரு கீறல்கூட இல்லை.

குழுவில் அருளப்பன் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டார்.

"ஒங்க வார்டு சனமே வேணாங்குது. நாங்க எதுக்கும்மா கொண்டாந்து கொட்டணும்?"

கடைசியாக ஒரு பல்பு போடுவது, குழு நேரில் வந்து பார்ப்பது என்று முடிவானது. எரிந்தால் சுற்றுச்சுவருக்கும் பணம் உண்டு. எரியாவிட்டால் விளக்குக் கம்பம் உட்பட எல்லாம் பஸ் ஸ்டாண்டு பக்கம் போய்விடும். எங்கள் ஜனங்கள் காவல் காப்பார்கள், அதற்கு நான் பொறுப்பு என்று ஏஞ்சலின் எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்தார்.

காவலுக்கு அவர் நம்பியது அதே தெருப் பேச்சாயியை. தேர்தலில் வீடு வீடாக ஏறி இறங்கி ஓட்டுக் கேட்டவள். ஏஞ்சலினுக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சியோடு வந்து நிற்பவள். "நான் இருக்கேன்ல, நீங்க போங்கக்கா" என்று அவள் சொன்ன தைரியத்தில்தான் அவர் நிம்மதியாகத் தூங்கினார்.

இன்றைக்குச் சாயங்காலம், விளக்குப் போடுகிற நேரத்துக்கு, ஜீப்பில் குழு வந்து இறங்கியது. வாசல் விளக்கு பளிச்சென்று எரிந்தது. பின்பக்கம் வெறும் கம்பம்.

அருளப்பன் அண்ணாந்து பார்த்தார். ஏஞ்சலின் பக்கம் திரும்பாமலே, கம்பத்தை எப்போது பிடுங்கலாம் என்று பக்கத்தில் இருந்தவரிடம் விசாரித்தார். அவர் திட்டியிருந்தால்கூட ஏஞ்சலினுக்கு இத்தனை வலித்திருக்காது. யாருக்காக அத்தனை பேரோடு மல்லுக்கு நின்றாரோ, அந்தத் தெருவே அவரைத் தலைகுனிய வைத்துவிட்டது.

அந்த ஆத்திரத்தில்தான் மூக்கையாவை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகச் சொன்னார். போலீஸ்காரர் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். பட்டறையில் கேட்டுப் பாருங்கள் என்று அவன் கெஞ்சிக்கொண்டே போனான்.

அதுவரை தெருப் பெண்களோடு நின்ற பேச்சாயி, ஏஞ்சலினின் கையைப் பிடித்துத் தனியே இழுத்துப் போனாள்.

"அந்தப் பயல விடச் சொல்லுங்கக்கா. எறிஞ்சது நாந்தேன்."

ஏஞ்சலின் அவளையே பார்த்தார். "எல்லாத் தடவையுமா?"

"எல்லாத் தடவையும். ஆயக்குடி கொய்யாத் தோப்புல கிளி வெரட்டுன கை, குறி தப்பாது."

ஊரே எதிர்த்தாலும் இவள் கூட நிற்பாள் என்று நம்பியிருந்தார். குடித்த கஞ்சிகூட இப்போது நெஞ்சில் கசந்து வந்தது.

"யாரு தூண்டி விட்டா? அருளப்பனா?"

"ஒருத்தரும் இல்ல. தெருப் பொம்பளைக எல்லாருமாச் சேந்து எடுத்த முடிவு. நான் எறிஞ்சேன், அம்புட்டுத்தேன்."

ஏஞ்சலின் அவள் கையை உதறினார். "ஒங்களுக்காகத்தானடி அந்த வெளக்கு. பயமில்லாம நடக்கட்டும்னுதானே அம்புட்டுப் பேருகிட்டயும் பேச்சு வாங்குனேன். வேணாம்னு ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லக்கூடாதா?"

"எங்களுக்காக அம்புட்டுப் பாடுபட்டுட்டு, சந்தோசமா வந்து நின்னீக. மூஞ்சியப் பாத்து எப்பிடிக்கா சொல்லுவோம்?"

"இப்பயாச்சும் சொல்லு. ஏன் ஒடச்ச?"

பேச்சாயி ஜீப் பக்கம் திரும்பி, ஆண்கள் யாரும் கேட்கும் தூரத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டாள். பிறகு தலையைக் குனிந்தபடி சொன்னாள்.

"எங்க தெருவுக்குக் கக்கூசே அந்த இருட்டுதேன்க்கா."