வின்னிக்கு விழுந்த ஏச்சு

"உவனெல்லாம் பந்து விளையாடப் போனவனோ? மாமூட்டை தூக்கக்கூட உதவமாட்டான்!" என்றார் குலசிங்கம்.

கனடாவில், டோர்செட் பார்க்கில் உள்ள பாண் சுடும் தொழிற்சாலையில் காலை ஒன்பதேகால் இடைவேளை. ஐந்து மணியிலிருந்து சூட்டுத் தட்டு இழுத்த கைகள் மேசையில் கிடந்தன. நடுவில் ரொடெலின் கைபேசி. மணிலாவில் கூடைப்பந்து ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருந்தது. வெடித்த கண்ணாடியில் ஆட்டக்காரர்கள் எறும்பளவில் ஓடினார்கள்.

ரொடெல் மணிலாக்காரன். அவனுடைய அணியின் ஆட்டங்களை இந்த சீசன் முழுக்க அந்த மேசையே பார்த்துவந்தது. அந்த லீக்கில் ஓர் அணிக்கு ஒரு வெளிநாட்டுக்காரன்தான். சரிவராவிட்டால் பாதியிலேயே விமானம் ஏற்றிவிடுவார்கள். ரொடெலின் அணிக்கு வந்தவன் வின்னி, கனடாவிலிருந்து போனவன். ஏழில் ஐந்து தோல்வி. இன்றும் தோற்றால் அவனை அனுப்பிவிடுவோம் என்று அணிக்காரர் சொல்லிவிட்டார்கள்.

"இந்த நாட்டுப் பெடியன் அண்ணை, ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்கோவன்," என்றாள் கூட வேலை செய்யும் அன்ரனெற். "இந்த விளையாட்டில எனக்கு ஒரு இழவும் விளங்காது. நானே செபமாலை உருட்டிக்கொண்டிருக்கிறன்."

"உருட்டு, உருட்டு. அந்த நெட்டைக் கொக்கு ஒண்டும் கிழிக்காது."

வின்னி எறிந்த பந்து வளையத்தில் பட்டுத் தெறித்தது.

"பாத்தியே! கையோ அது, அகப்பைக்காம்போ?"

ரொடெல் முறைத்தான். தமிழரோடு வேலை செய்ததில் ஏச்சு மட்டும் அவனுக்கு நன்றாக விளங்கும். "சாம், ஷட் அப்!" என்றான். வேலையிடத்தில் குலசிங்கத்துக்கு சாம் என்றுதான் பெயர்.

மூன்று வினாடி மிச்சம். ஒரு புள்ளி பின்னால். எதிரணிக்காரன் வின்னியின் கையில் அடித்துவிட, யாரும் மறிக்காமல் எறிய அவனுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தன, ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. அன்ரனெற் கண்ணை மூடிக்கொண்டாள்.

"கோட்டைவிடுவான் பார், சோத்துமாடு!"

முதல் பந்து உள்ளே.

"குருட்டுவாக்கில விழுந்தது. கழுதை!"

இரண்டாவதும் உள்ளே. மிச்ச வினாடிகளும் கழிந்தன. ரொடெல் கதிரையில் ஏறிக் குதித்தான்.

"இப்ப என்ன சொல்லுறியள்?" என்றாள் அன்ரனெற்.

"இன்னும் எத்தினை ஆட்டம் கிடக்கு! மூதேவி, அதுக்குள்ள ஓடி வந்திடும்."

"என்ன நெஞ்சு அண்ணை உங்களுக்கு! அவனைப் பெத்ததுகள் கேட்டால் என்ன பாடுபடுங்கள்?"

குலசிங்கம் எழும்பி லொறி வந்து நிற்கும் வாசலுக்குப் போனார். அவருடைய கைபேசி அடித்தது. மனைவி ஜெயமலர்.

"நானும் பாத்தனான். இண்டைக்கும் நல்லா ஏசினீங்களோ?"

"ஓமப்பா, தொண்டையே கட்டிப்போச்சு." புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவ்வளவு சனம் எழும்பிக் கைதட்டுது, எங்கட பிள்ளைக்கு கண்ணூறு நாவூறு பட விடுவனே?"