அரை நூல் குறை

ஒரு கண்ணிமைப்பின் விலை இன்று இருபது வருஷ வேலை. துறைமுகத் தந்தி அறையில் வன்னியபெருமாள் அடித்த சோதனைத் தந்தி, காகித நாடாவில் மைப்புள்ளிகளாக விழுந்து மேசைமேல் சுருண்டு கிடக்கிறது. ஜன்னலில் யுத்த இருட்டடிப்புக்காக ஒட்டிய கறுப்புத்தாள் கிழிந்த இடத்தில் வெயில் விழுகிறது. அதில் நாடாவை நீட்டிப் பிடித்து, மதுரையிலிருந்து வந்த இன்ஸ்பெக்டர், அங்குலத்தை எட்டு நூலாகப் பிரித்த பித்தளை ஸ்கேலால் புள்ளி புள்ளியாக அளக்கிறார். "எல்லாம் நீளம் குறையுது. உமக்குக் கை நடுங்குதுய்யா. நாளையிலிருந்து தந்தி தட்டுற சாவியைத் தொடவேண்டாம்." வெளியே உப்பு மூட்டை ஏற்றுகிறவர்களின் கூச்சல். வன்னியபெருமாளின் விரல் சாவியை விட்டு எழவில்லை. "எவ்வளவு குறையுது சார்?" "அரை நூல்." "எல்லாத்துலயும் அதே அரை நூலா?" "அதேதான்." வன்னியபெருமாள் சிரிக்கிறார். "நான் உடன்குடியில கருப்பட்டிக் கடையில வளந்தவன் சார். நடுங்குத கை ஒருக்கா கூட்டிப் போடும், ஒருக்கா குறைச்சுப் போடும். எப்பவும் ஒரே அளவு குறைஞ்சா தராசுலதான் கோளாறு. நான் தட்டுத அடியை நாடாவுக்குக் கடத்துத அந்த ரிலே பெட்டியைத் திறந்து பாருங்க." இன்ஸ்பெக்டர் மூடியைத் திறக்கிறார். உள்ளே, உப்புக்காற்றில் பச்சை பூத்து, ஒவ்வொரு அடிக்கும் தாமதமாகவே ஒட்டும் பித்தளை முனைகள். வன்னியபெருமாள் அவர் பென்சிலைக் கேளாமலே எடுத்து நாடாவின் ஓரத்தில் கடைக் கணக்குப்போல எழுதுகிறார்: புள்ளி நாற்பது. ரிலே பாக்கி இருபது நூல். கை பாக்கி இல்லை.